காப்புக் கட்டிய வாரத்தில் ஓர் இங்கிலீஷ் காலைச் சாப்பாடு

நடந்தவை, வரிசைப்படி:

1. நூற்பாலை இயந்திரங்களின் அதிர்வை அளப்பது என் வேலை. அதற்கான பயிற்சிக்காக இங்கிலாந்தின் வடக்கே ஒரு பழைய மில் ஊருக்கு ஐந்து வாரம் போய் வந்தேன்.

2. தங்கிய இடத்தில் தினமும் காலையில் ஒரே தட்டு: முட்டை, சாசேஜ், பேக்கன் என்கிற பன்றிக்கறி வற்றல், சுட்ட தக்காளி, காளான், தக்காளிச் சாற்றில் ஊறிய பயறு, டோஸ்ட்.

3. முதல் நாளே அதைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

4. திண்டுக்கல் திரும்பிய மறுநாள், புதன்கிழமை, ராசாத்தி அத்தை அந்தப் படத்தைப் போனில் திறந்து வைத்துக்கொண்டு நாகல் நகரில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "இதை எனக்குச் சமைக்கக் கத்துக்குடு தாயி."

5. சனிக்கிழமை காலை ஏழரைக்கு அதைச் சமைத்துக் காட்டினால் அத்தைக்கு ஒரு வேலை.

6. அத்தை அதைச் சாப்பிட்டதில்லை. எனக்குச் சாப்பிட மட்டும்தான் தெரியும்.

7. அத்தையின் ஊரில் செவ்வாய்க்கிழமையே காப்புக் கட்டியாகிவிட்டது.

ஏழாவதுதான் சிக்கல். அத்தையின் ஊர் ரெட்டியார்சத்திரத்திலிருந்து உள்ளே தள்ளி, மல்லிகையும் செண்டுப்பூவும் போடுகிற ஊர். அங்கே அம்மன் கோயிலில் காப்புக் கட்டினால் திருவிழா முடிகிற எட்டு நாளும் ஊரே மூன்று விஷயங்களைக் கடைப்பிடிக்கும். முட்டை, மீன், கறி தொடுவதில்லை. அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைப்பதில்லை, தாளிப்புகூடக் கிடையாது. பகலில் எங்கே போனாலும் ராத்திரி ஊர் எல்லைக்குள் வந்து படுக்க வேண்டும். நான் சாப்பிட்டு வந்த தட்டில் முட்டையையும் கறியையும் எண்ணெய்ச் சட்டியையும் எடுத்துவிட்டால் மீதி இருப்பது தக்காளி, காளான், பயறு, ரொட்டி.

"நாளைத் தள்ளிப்போடச் சொல்லலாமே அத்தை?"

"சொன்னா? வேலைக்கு வாரதுக்கு முன்னாடியே காரணம் சொல்றா பாருனு நெனைப்பாக. ஞாயித்துக்கெழமை வேற ஒரு ஆளு வாரானாம், கொடைக்கானல் ஓட்டல்ல இருந்தவன். நான் ஒதுங்குனா அவன் உக்காந்துருவான்."

அத்தை என் அப்பாவின் அக்கா. இருபது வருடம் ஒரு மில் கேன்டீனில் முந்நூறு பேருக்குச் சமைத்தவர். மில் மூடியதும் கேன்டீனும் மூடியது. சிறுமலையில் மேகலா மேடம் என்பவர் ஒரு தங்கும் விடுதி நடத்துகிறார். பறவை பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள். சமையலுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். வேலையோடு தனி அறை. சனிக்கிழமை ஓர் இங்கிலீஷ்காரர் சென்னையிலிருந்து விடியற்காலை ரயிலில் திண்டுக்கல் இறங்குகிறார், மலையேறும் வழியில் உங்கள் தம்பி வீட்டில் காலைச் சாப்பாடு, அவர் சாப்பிட்டுச் சொன்னால் பார்க்கலாம் என்று மேடம் சொல்லியிருந்தார்.

வேலை கிடைக்காவிட்டால் அத்தை திருப்பூருக்கு மகன் வீட்டுக்குப் போக வேண்டும். மகன் தங்கமானவன். மருமகளும் அப்படித்தான். அதுதான் அத்தைக்குப் பிரச்சினை.

"அடுப்படிக்குள்ளயே விட மாட்டேங்குறா புள்ள. 'நீங்க உக்காருங்கத்தே, நீங்க உக்காருங்கத்தே'ன்னு. எம்புட்டு நாளைக்கு உக்காந்துக்கிட்டே இருக்கிறது? நான் என்ன கொலு பொம்மையா?"

பேனா எடுத்துத் திட்டம் எழுதினேன். முட்டையும் கறியும் என் கை. மற்றதெல்லாம் அத்தையின் கை. என் கைக்கு எதுவும் தெரியாது என்பதால் அத்தை வாசற்படியில் நின்று சொல்லச் சொல்ல நான் செய்வேன். மேகலா மேடமும் விருந்தாளியும் முன்னறையில் உட்காருவார்கள். தட்டு மட்டும் அவர்களிடம் போகும். யார் கை என்று தட்டில் எழுதியிருக்காது. காப்பு விஷயத்தை யாரும் வாய் திறக்க வேண்டியதில்லை.

கடைசி வரியைப் படித்தபோது அத்தை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். சரி என்று டிக் போட்டுக்கொண்டேன்.

அம்மா ஒரு திருத்தம் சொன்னார். "பன்னிக்கறி என் அடுப்படிக்குள்ள வரக்கூடாது. வெள்ளைக்காரன் என்ன, வெள்ளைக்கார ராணியே வந்தாலும் சரி." எனவே கரண்ட் அடுப்பு கொல்லைப்புறத்துத் துவைக்கிற கல்லுக்கு இடம் மாறியது. புதிதாக வாங்கும் வாணலி வீட்டுக்குள் எந்தக் காலத்திலும் நுழையாது என்று நான் வாக்குக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை பொருள் வாங்கும் பயணம். ஐந்து வாரம் அந்நிய நாட்டில் வழி தவறாமல் சுற்றியவள் சொந்த ஊரில் ஒரு ரொட்டிக்கு நான்கு மணி நேரம் அலைந்தேன். எங்கள் ஊர் பேக்கரி ரொட்டி இனிக்கும். அங்கே டோஸ்ட் உப்பாக இருந்தது.

"அண்ணே, இனிப்பில்லாத ரொட்டி இருக்கா?"

கடைக்காரர் முகம் மாறியது. "சுகரா? வீட்டுல யாருக்கும்மா முடியல?"

"யாருக்கும் ஒண்ணும் இல்லண்ணே. சாப்பிடத்தான்."

"நல்லா இருக்கிற மனுசன் எதுக்கும்மா ரொட்டி திங்கிறான்?"

நியாயமான கேள்வி. எங்கள் தெருவில் ரொட்டி என்றால் காய்ச்சல், அல்லது ஆஸ்பத்திரியில் யாரையோ பார்க்கப் போகிறோம் என்று அர்த்தம். மூன்றாவது பேக்கரியில் இனிப்புக் குறைவான ரொட்டி கிடைத்தது. அதைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு தெருவில் நுழைந்தேன். அரை மணி நேரத்தில் எதிர்வீட்டுச் சரசு அக்கா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, குரலைத் தாழ்த்தி, "அப்பாவுக்கா?" என்றார். அப்பா கட்டிலில் படுத்துப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தது வேறு அவருக்கு வசதியாகப் போயிற்று. வாழைப்பழத்தைத் திருப்பித் தர எவ்வளவோ முயன்றேன். "இருக்கட்டும்டி, தெம்பா இருக்கும்" என்று வைத்துவிட்டுப் போனார்.

சாசேஜ் சூப்பர் மார்க்கெட்டின் பெரிய ஐஸ் பெட்டியில் இருந்தது, கோழிக்கறியில் செய்தது. பேக்கன் இல்லை. ஊருக்கு வெளியே பன்றிக்கறி போடுபவரிடம் போய்ப் படத்தைக் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார். "தாளு மாதிரில்ல அறுத்திருக்கான். இதை வெட்டினவன் கறிக்கடைக்காரன் இல்லம்மா, தையக்காரன்." கடைசியில் கொடைக்கானலில் வேலை செய்யும் தோழி ஒருத்தி, அங்கே வெளிநாட்டுக்காரர்கள் வாங்கும் கடையில் ஒரு பாக்கெட் வாங்கி வெள்ளிக்கிழமை பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவதாகச் சொன்னாள்.

அன்று மதியம் அத்தை வந்தார். முதல் ஒத்திகை. அத்தையின் கை முட்டையும் கறியும் தொடாது என்பதால் பதிலிகளை வைத்தோம். தொழிற்சாலையில் நாங்களும் நிஜ நூலைப் போடுவதற்கு முன் அப்படித்தான் ஓட்டிப் பார்ப்போம். சாசேஜுக்கு வாழைக்காய்த் துண்டு. பேக்கனுக்குச் சேனைக்கிழங்குச் சீவல். முட்டைக்கு ஓர் இட்லி, நடுவில் மஞ்சள் பூசணிப் பொட்டு. அம்மா எட்டிப் பார்த்து, "பாக்க நல்லாத்தான் இருக்கு. இதையே அந்த ஆளுக்குக் குடுத்துட்டா என்ன மதினி?" என்றார்.

நேரம்தான் எங்களைக் கஷ்டப்படுத்தியது. நம் வீட்டில் முதலில் இரண்டு இட்லி வரும், பிறகு சட்னி, அடுத்து தோசை ஒவ்வொன்றாக. வருவது வரும்போது சூடாக இருந்தால் போதும். இந்தத் தட்டில் ஏழு பொருளும் ஒரே நிமிடத்தில் முடிய வேண்டும். நான் எந்தப் பொருளை எந்த நிமிடத்தில் ஏற்றுவது என்று கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டினேன். அத்தை அதை மரியாதையாகப் பார்த்துவிட்டு, "ஒரே ஒரு ஆளுக்கு எப்படிப் புள்ள சமைக்கிறது? சட்டி சூடாகுறதுக்குள்ள முடிஞ்சுருமே" என்றார். முந்நூறு முட்டையை அவர் கண்ணை மூடிக்கொண்டு வேக வைப்பார். ஒரு தக்காளியைக் கையில் வைத்துக்கொண்டு கலங்கிப் போனார். பழக்க தோஷத்தில் இரண்டு கிலோ நறுக்கிவிட்டார். அன்று இரவு எங்கள் வீட்டில் தக்காளிச் சோறு, மறுநாளும் தக்காளிச் சோறு.

பயறுக்கு நான் டின் தேடவில்லை. அத்தை படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, "இது மொச்சையோட சின்னத் தங்கச்சி" என்றார். காய்ந்த மொச்சையை ஊறவைத்து, தக்காளிச் சாற்றில் எண்ணெய் இல்லாமல் வேக வைத்து, நான் "இன்னும் இனிப்பு, அத்தை" என்று சொல்லச் சொல்லக் கருப்பட்டி சேர்த்தார். ஐந்தாவது கரண்டியில் கிட்டத்தட்ட அந்த ஊர் வந்துவிட்டது.

இங்கே அந்த ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். விடுதிக்கார அம்மா ஐரீன் முதல் நாள் காலை, "முட்டை எப்படி வேண்டும் கண்ணே?" என்றார். முட்டையைக் கேள்வி கேட்டுச் சமைக்கும் நாட்டுக்கு வந்திருக்கிறோம் என்று எனக்குத் தெரியாது. அவர் ஐந்தாறு வகை சொன்னார். பயந்து முதல் வகையைச் சொன்னேன். ஐந்து வாரமும் அதே வகை. டோஸ்ட்டை நிறுத்தி ஆற வைப்பதற்கென்றே ஒரு கம்பி ஸ்டாண்டு இருந்தது. சூடு போகாமலிருக்க ஹாட்பாக்ஸைச் சீர்வரிசையில் வைக்கும் ஊரிலிருந்து போனவளுக்கு அது புரிய மூன்று நாள் ஆயிற்று. தட்டை வைத்ததும் ஐரீன் போய்விடுவார். பக்கத்தில் நின்று 'இன்னும் ஒண்ணு' என்று வற்புறுத்த யாரும் இல்லை. முதல் வாரம் முழுக்க அவருக்கு என் மேல் ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் கற்றேன். அவர்கள் 'நன்றாக இல்லை' என்று சொல்ல மாட்டார்கள். 'சுவாரசியமாக இருக்கிறது' என்பார்கள். நான் ஐரீனுக்குச் செய்து கொடுத்த ரவா உப்புமா மிகவும் சுவாரசியமாக இருந்ததாம்.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது, சில இடங்களில் ரத்தத்தில் செய்த வட்டமான ஒரு துண்டும் தட்டில் இருக்கும் என்றேன். அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆட்டு ரத்தமா?"

"பன்றி ரத்தம் அத்தை."

"காலங்காத்தால ரத்தப் பொரியலா! அப்ப நம்ம பக்கத்து ஆளுகதான். நான்கூட ஏதோ பாலும் ரொட்டியும் திங்கிறவுகன்னு பயந்துட்டேன்."

வெள்ளிக்கிழமை மதியம் பஸ் ஸ்டாண்டில் நானும் அத்தையும் கொடைக்கானல் பஸ்ஸுக்காக நின்றோம். பஸ் வந்தது. கண்டக்டர் வேறு ஆள். என் தோழி பார்சல் கொடுத்த கண்டக்டர் வத்தலக்குண்டில் இறங்கி இன்னொரு வண்டிக்கு மாறிவிட்டார், பார்சலும் அவரோடு மாறிவிட்டது. மூன்று போன்களுக்குப் பிறகு அந்த வண்டி வந்தது. டிரைவர் இருக்கைக்குப் பின்னால், பழனிக்குப் போகும் ஒரு குடும்பத்தின் பூஜைக் கூடைக்குக் கீழே எங்கள் பன்றிக்கறி சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. "என்னம்மா இருக்கு இதுல, சில்லுனு இருக்கு?" என்று கண்டக்டர் கேட்டார். "மருந்து" என்றேன். அந்த வாரம் ரொட்டி விஷயத்தில் நான் சொன்ன உண்மையை யாரும் நம்பவில்லை. இந்தப் பொய்யை உடனே நம்பினார்.

நாகல் நகருக்கு டவுன் பஸ்ஸில் ஏறினோம். அத்தை எனக்கு மூன்று வரிசை முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். இடம் இருக்கிறது, இங்கே வாருங்கள் என்று சைகை செய்தேன். என் மடியிலிருந்த பையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நான் இங்கனயே இருக்கேன். நீ சேந்து வராத" என்றார். டிக்கெட்டையும் தனித்தனியாகத்தான் எடுத்தோம்.

அன்று முட்டை ஒத்திகை. அத்தை கொல்லைப்புறத்து வாசற்படியில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். பார்க்காமலே சொன்னார். கேன்டீன் அண்டாவுக்குள் எட்டிப் பார்க்க முடியாது, சத்தத்தை வைத்துத்தான் சமைப்பாராம்.

"சடசடங்குது. தீயக் குறை. ம்ம். இப்ப ஊத்து. ஊத்திட்டியா? சத்தமே வரலையே, கீழ போட்டுட்டியா?"

கீழேதான் போட்டிருந்தேன். முட்டைக் கணக்கு: ஒன்று தரையில், இரண்டு ஓடோடு சட்டியில், ஒன்று கருகியது, மூன்று மஞ்சள் உடைந்தது, ஒன்று பரவாயில்லை. பரவாயில்லாத அந்த ஒன்றைப் படம் எடுத்துச் சுவரில் கட்டத்துக்குப் பக்கத்தில் ஒட்டினேன். சாயங்காலம் ஐந்தரை பஸ்ஸில் அத்தை ஊருக்குக் கிளம்பினார். காலை முதல் பஸ் ஆறே முக்காலுக்கு எங்கள் ஸ்டாப்பில் நிற்கும். கட்டத்தில் அதற்கும் ஓர் இடம் இருந்தது.

சனிக்கிழமை. அந்தப் பஸ் வரவில்லை.

ஏழு மணிக்கு மேகலா மேடத்தின் ஜீப் வந்துவிட்டது. மேடத்துக்கு ஐம்பது வயதிருக்கும், காட்டன் புடவை, அளந்து பேசுபவர். கூட வந்தவர் டெரெக், பஸ் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். இரவு ரயிலில் தூங்காத கண்கள், கழுத்தில் பைனாகுலர். "சமையல்காரம்மா?" என்றார் மேடம். "உள்ளே வேலையாக இருக்கிறார்" என்றேன். திட்டத்தில் இல்லாத பொய்.

கொல்லைக்கு ஓடிப் போன் போட்டேன். காற்றின் இரைச்சல். அத்தை கத்தினார்: "பஸ்ஸு பஞ்சர் புள்ள! பூ ஏத்திப் போற குட்டியானையில வந்துக்கிட்டிருக்கேன். மார்க்கெட்டுக்குப் போற வண்டி. வந்துருவேன். நீ அடுப்பப் பத்தவையி. போன வைக்காத, சட்டிகிட்டக் கொண்டு போ!"

அப்படித்தான் சமைத்தேன். போனைத் துவைக்கிற கல்லின் மேல் ஸ்பீக்கரில் வைத்தேன். அந்தப் பக்கம் குட்டியானையின் எஞ்சின், ஹாரன், டிரைவரின் எப்.எம். இந்தப் பக்கம் பேக்கன்.

"கொழுப்பு உருகுதா? சத்தம் மெலிஞ்சிருக்கணும்."

"மெலிஞ்சிருக்கு அத்தை."

"மெலியல. எனக்குக் கேக்குது. இன்னுஞ் செத்த நேரம் விடு. தம்பி, அந்தப் பாட்டைக் குறையேன்ப்பா, புள்ள சட்டி வச்சிருக்கா."

டிரைவரின் குரல் வந்தது. "என்னக்கா குழம்பு?"

"கேக்காத. காப்புக் கட்டியிருக்கு, சொல்ல மாட்டேன்."

"அப்பக் கறியா? மூடி போட்டு வேக வைக்கச் சொல்லுக்கா, மெதுவா வரும்."

"நீ ரோட்டைப் பாரு ராசா."

சாசேஜ் வெளியே சிவந்தது, உள்ளே வெந்ததா தெரியவில்லை. அம்மா உள்ளடுப்பில் தக்காளியையும் காளானையும் எண்ணெய் விடாமல் வாட்டிக்கொண்டிருந்தார். முட்டை உடைத்தேன். மஞ்சள் உடையவில்லை. ஆனால் வெள்ளை வேகும் என்று காத்திருந்த நேரத்தில் மஞ்சள் கல்லாகிவிட்டது. தட்டில் எல்லாவற்றையும் அடுக்கினேன். ஓர் இடம் காலியாக இருந்தது. மொச்சை இல்லை. அது அத்தையின் வீட்டில் வெந்து, அவரோடு வந்துகொண்டிருந்தது.

ஏழு இருபத்தெட்டுக்கு வாசலில் குட்டியானை நின்றது. பூ மூட்டைகளுக்கு நடுவிலிருந்து அத்தை இறங்கினார், தலை முழுக்க உதிர்ந்த மல்லிகை, கையில் துணி சுற்றிய தூக்குச்சட்டி. தெருவே மணந்தது. முன்னறை வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். வந்தார். உள்ளே வேலையாக இருப்பதாக நான் சொன்ன சமையல்காரம்மா தெருவிலிருந்து நடந்து வருவதை மேகலா மேடம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

தட்டை நான் கொண்டு வந்து வைத்தேன். அத்தை தூக்குச்சட்டியைத் திறந்து ஆவி பறக்க மொச்சையை எடுத்து, தட்டின் காலி இடத்தில் கரண்டியைச் சாய்க்கப் போனார். டெரெக் பதறிக் கையை நீட்டித் தடுத்தார். பிறகு வெட்கப்பட்டார். மொழிபெயர்த்துச் சொல்கிறேன்: "மன்னிக்கணும். பயற்றுச் சாறு முட்டையில் படக் கூடாது. பட்டால் என்னால் சாப்பிட முடியாது. என் மனைவி இருபது வருடம் திட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்."

அத்தைக்குச் சொன்னேன். அத்தை கரண்டியை நிமிர்த்தினார். முகத்தில் சட்டென்று ஒரு மரியாதை. "விரதமா? எத்தனை நாளைக்காம்?"

கேட்டேன். டெரெக் யோசித்தார். "அறுபது வருடமாக இருக்கும்."

"அறுபது வருசமா! நம்ம எட்டு நாளுக்கே முக்குறோம்." அத்தை உள்ளே போய் தொடுகறி வைக்கும் ஒரு வெஞ்சனக் கிண்ணம் எடுத்து வந்து, மொச்சையை அதில் ஊற்றி, தட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தார். டெரெக் அந்த இடைவெளியைப் பார்த்த பார்வையை நான் ஐரீன் வீட்டில் யாரிடமும் பார்த்ததில்லை.

முட்டையை ஒரு வாய் சாப்பிட்டார். "சுவாரசியமாக இருக்கிறது" என்றார். எனக்கு என் ரவா உப்புமா நினைவுக்கு வந்தது. சாசேஜைப் பாதியில் வைத்தார். பேக்கனை மட்டும் முகம் மலர்ந்து முடித்தார். மொச்சையைக் காலி செய்தார். கிண்ணத்தை நீட்டினார். அத்தை ஊற்றினார். மறுபடி நீட்டினார்.

 மேகலா மேடம் அத்தையைப் பார்த்துக் கேட்டார்: "பீன்ஸ் நீங்க வச்சது. முட்டையும் கறியும் யார் வச்சது?"

திட்டத்தின் கடைசி வரி என் நாக்கு நுனியில் இருந்தது. 'அத்தைதான்' என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"இந்தப் புள்ள வச்சுச்சு" என்றார் அத்தை. "நான் போன்ல சொன்னேன். எங்க ஊர்ல காப்புக் கட்டியிருக்குங்கம்மா. இந்த எட்டு நாளும் நான் கவுச்சி தொட மாட்டேன், சட்டி வைக்க மாட்டேன்."

"மொதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம். வேலை போயிருமோன்னு பயம்."

"இப்ப பயம் இல்லையா?"

"இருக்குங்கம்மா. ஆனா, வருசா வருசம் காப்பு வருமே. அந்த எட்டு நாளும் நான் எங்க ஊர்லதான் படுப்பேன். இன்னைக்கு மறைச்சுட்டு மலையேறுனா, அடுத்த வருசம் இதே நாள்ல உங்ககிட்ட என்ன சொல்லி எறங்குவேன்?"

"வந்த விருந்தாளிய எட்டு நாள் பட்டினி போடறதா?"

"வேற ஆளு வச்சுக்கங்க. அதுக்கு ஒத்துக்கிட்டா மத்த நாளெல்லாம் நான் வாரேன். இல்லாட்டி வேண்டாம்."

கையைப் பின்னால் கட்டியபடியே சொன்னார். அம்மா சமையலறை வாசலில் தக்காளிக் கரண்டியோடு அசையாமல் நின்றார். நான் சுவரிலிருந்த கட்டத்தைப் பார்த்தேன். அதில் இதற்கு நிமிடமே ஒதுக்கியிருக்கவில்லை.

டெரெக் என்ன பேச்சு என்று கேட்டார். சுருக்கமாகச் சொன்னேன். அவர் மேடத்திடம் எதுவும் சிபாரிசு செய்யவில்லை. அத்தையைப் பார்த்து, தன் அம்மா புனித வெள்ளியன்று துணி துவைக்க மாட்டார், கொடியில் ஒரு கைக்குட்டைகூடத் தொங்காது என்றார். அத்தை தலையாட்டி, "பின்ன, முறைன்னு ஒண்ணு இருக்குல்ல" என்றார். இரண்டு பேச்சையும் நான் மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை. ஆனாலும் பெயர்த்தேன்.

மேகலா மேடம் "சொல்லி அனுப்பறேன்" என்று எழுந்தார். ஜீப் போனபின் அத்தை ரொட்டியில் ஒரு துண்டை எடுத்து மொச்சையில் தோய்த்துச் சாப்பிட்டார். "போச்சுன்னு நெனைக்கிறேன்" என்றார். "திருப்பூருக்குப் பையைக் கட்ட வேண்டியதுதான். ஆனா ரொட்டி நல்லாத்தான் இருக்கு, நீ ஏன் அம்புட்டு அலைஞ்சேன்னு இப்பத்தான் தெரியுது."  நான் சட்டியில் மீதியிருந்த பேக்கனைத் தின்றேன். அப்பா மீதி சாசேஜைத் தின்றுவிட்டு, ஏன் தினமும் இதைச் செய்வதில்லை என்று அம்மாவைக் கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். எதிர்வீட்டுச் சரசு அக்கா, ஜீப்பில் வந்தது டாக்டரா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மலையில் கொடைக்கானல் சமையல்காரருக்குச் சோதனை நடந்தது. என்ன நடந்தது என்று மேகலா மேடம் எனக்கு வியாழக்கிழமை போனில் சொன்னார். சமையல்காரரின் கைப்பக்குவம் பிரமாதமாம். முட்டை ஐந்தாறு வகையும் தெரியுமாம். எதைக் கேட்டாலும் "ஆகட்டும் மேடம்" என்றாராம். டெரெக், பயறு முட்டையில் படக் கூடாது என்றார். "ஆகட்டும் சார்" என்றாராம். திங்கட்கிழமை பட்டது. "ஆகட்டும் சார்." செவ்வாய்க்கிழமையும் பட்டது.

"ஆகாதுன்னா ஆகாதுன்னு சொல்ற ஆளு எனக்கு வேணும்" என்றார் மேடம். "திருவிழாதான் முடிஞ்சிருச்சே, உங்க அத்தைய வரச் சொல்லுங்க."

இப்போதைய நிலை: அத்தை சிறுமலையில் இருக்கிறார். தனி அறைக்குக் கிழக்கே ஜன்னல். முட்டை மூன்று வகை பழகிவிட்டார், மற்ற வகைகள் அவசியமில்லை என்று விருந்தாளிகளிடமே சொல்லிவிடுகிறாராம். ஒரு ஆளுக்குச் சமைப்பது இன்னும் வரவில்லை. மேடம் ஜீப் டிரைவருக்கும் தோட்டக்காரருக்கும் சேர்த்து இங்கிலீஷ் சாப்பாடு போட வேண்டியிருக்கிறது. காப்புக் கட்டும் எட்டு நாளும் அத்தைக்கு விடுப்பு உண்டு என்று முதல் நாளே பேசி முடித்தாகிவிட்டது. அந்த எட்டு நாளும் காலையில் யார் சமைப்பது என்ற இடத்தில் மேகலா மேடம், என்னைக் கேட்காமலே, என் பெயரை எழுதி வைத்திருக்கிறார். நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. ஒத்திகையில் நேற்று வரை முப்பத்தொரு முட்டை ஆகியிருக்கிறது.